மானுக்கென்று விதைக்கும் சோளம்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தின் வடபகுதியில் மே மாதக் கடைசியில் மண் சூடேறியதும், காட்டோரத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள் பலர் வெள்ளைவால் மானுக்கென்று இவ்வாண்டு எதை விதைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சோளம்தான். மக்காச்சோளத்தைச் சொல்லவில்லை, நம் ஊரில் களி கிண்டியும் சோறாக்கியும் உண்ட சோளத்தையே சொல்கிறேன். இங்குள்ள விவசாயிகள் அதை மைலோ என்பார்கள். கேட்டவர்களில் பலர், சோயாவையும் தட்டைப்பயற்றையும் விரும்புவதுபோல் மான் சோளத்தை விரும்புவதில்லையே என்று தயங்குவார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அந்த உண்மையே நான் சோளத்தை விதைப்பதற்கு முதற்காரணம். சிறிய நிலத்தில், மான் மிகவும் விரும்பும் பயிர், அது மானுக்கு உண்மையாகத் தேவைப்படும் காலம்வரை பிழைத்திருப்பதில்லை. அவ்வளவாக விரும்பாத பயிர் பிழைத்திருக்கிறது.

காட்டு விலங்குகளிடமிருந்து பயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருக்கும் ஊர்களில் இதைப் படிப்பவர்களுக்கு, மானுக்காகவே ஏன் உழுது விதைக்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு இந்த மாநிலத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காடழிப்பும் கட்டுப்பாடற்ற வேட்டையும் சேர்ந்து, 1925-ஆம் ஆண்டு வாக்கில் மிசௌரி முழுவதிலும் ஏறத்தாழ 400 மான்களே எஞ்சியிருந்தன. 1936-இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பைத் திருத்தி, வனவிலங்குப் பாதுகாப்புக்கென்று தனித்துறை ஒன்றை உருவாக்கினார்கள். மறு ஆண்டு நாடு முழுவதற்கும் வந்த சட்டம் ஒன்று, நீள்துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 சதவீத வரியை வனவிலங்கு மீட்புப் பணிக்கே ஒதுக்கியது. மான்கள் பெருகிய பிறகு 1944-இல்தான் வேட்டைப் பருவம் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று இம்மாநிலத்தில் மான்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. இந்த மீட்பில் பங்கெடுத்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிலத்தில் மானுக்கென்று ஒரு பங்கு விதைப்பதைத் தங்கள் கடமையின் ஒரு பகுதியாகவே கருதுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேட்டையாடுகிறவர்களும்கூட. அதையும் இதையும் அவர்கள் முரணாகப் பார்ப்பதில்லை, இத்தனை ஆண்டுகள் அவர்களோடு பழகிய பின் நானும் பார்ப்பதில்லை.

எதை விதைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியது மானின் இரைப்பை. மாடும் மானும் இரண்டுமே அசைபோடும் விலங்குகள் என்றாலும், மாடு புல்லைப் பெருமளவில் நிரப்பிச் செரிக்கக்கூடியது, மான் அப்படியன்று. அதன் முதல் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. ஆகையால் அது கொழுந்து, தளிர், பூ, காய், கொட்டை என்று சத்து மிகுந்த பகுதிகளைத் தேர்ந்தெடுத்துக் கொறித்துக்கொண்டே நகர்கிறது. வளர்ந்த மான் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ தின்னும். அதையும் ஒரே இடத்தில் நின்று தின்னாது. கோடையில் கலைமானுக்குக் கொம்பு வளரும், பிணைமானுக்குக் குட்டிக்குப் பால் சுரக்கும். அப்போது உணவில் 16 சதவீத அளவுக்குப் புரதம் இருந்தால் நல்லது. குளிர்காலத்தில் தேவை மாறிவிடுகிறது. அப்போது உடலைச் சூடாக வைத்திருக்கும் மாவுச்சத்தும் கொழுப்பும்தான் வேண்டும். புரதம் அவ்வளவு வேண்டியதில்லை. சோள மணியில் புரதம் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. மாவுச்சத்து 70 சதவீதத்தை எட்டுகிறது. எனவே சோளம் கோடைக்கான தீனி அன்று, குளிர்காலத்துக்கான தீனி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் எளிதாகிவிடும்.

கோடைக்கு இங்குள்ளவர்கள் விரும்பி விதைப்பது சோயாவும் தட்டைப்பயறும். இரண்டின் இலையிலும் புரதம் மிகுதி. மானுக்கு அவற்றைவிட விருப்பமான கோடைப் பயிரைச் சொல்வது கடினம். ஆனால் மான் நெருக்கமாக உள்ள இடத்தில் ஓரிரு ஏக்கருக்குக் குறைவாக விதைத்தால், முளைத்து இரண்டு மூன்று இலை விட்ட உடனேயே நுனி கிள்ளப்பட்டு, ஜூலை முடிவதற்குள் நிலம் வெறும் களைக்காடாக நிற்கும். சோளத்தின் இலையை மான் அரிதாகவே தொடுகிறது. நார் மிகுந்த, கரகரத்த அந்த இலை அதன் வாய்க்கு ஒவ்வாது. பயிர் தடையில்லாமல் வளர்ந்து, ஆகஸ்டு மாதத்தில் கதிர் பால் பிடித்து மாவாகும் பருவத்தில்தான் மான் முதன்முதலில் வந்து கதிரைக் கடித்துப் பார்க்கும். செப்டம்பரில் வெள்ளை ஓக் மரங்களின் கொட்டைகள் உதிரத் தொடங்கியதும் அது காட்டுக்குள் போய்விடும். நவம்பரில் கொட்டை தீர்ந்து, பனி விழுந்து, பச்சை எல்லாம் கருகிய பிறகு திரும்பி வரும்போது சோளக்கதிர் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

மக்காச்சோளமும் நிற்குமே என்று கேட்கலாம். நிற்கும், காற்றுக்கும் பனிக்கும் அதன் தட்டை சோளத்தட்டையைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆனால் அதற்குத் தழைச்சத்து அதிகம் வேண்டும், பூக்கும் சமயத்தில் மழை பொய்த்தால் மணியே பிடிக்காது, ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்குகள் பால் பருவத்திலேயே தட்டையைச் சாய்த்துக் கதிரைச் சூறையாடிவிடும். சோளம் வறட்சி வந்தால் இலையைச் சுருட்டிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திக் காத்திருந்து, மழை பெய்ததும் மீண்டும் எழுகிறது. ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் பிறந்த பயிர் அல்லவா? கான்சஸ் மாநிலம் அமெரிக்காவிலேயே அதிகமாகச் சோளம் விளைவிப்பதற்கும் அங்குள்ள குறைந்த மழையே காரணம். உரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க முடியாத, மேட்டுப்பாங்கான சிறுநிலத்துக்குச் சோளமே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தச் சோளம் என்பதில்தான் கவனம் வேண்டும். நம் கிராமங்களில் விளைந்த நாட்டுச் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். மாட்டுக்குத் தட்டை வேண்டும் என்பதால் அந்த உயரம் நமக்கு வரமாக இருந்தது. அமெரிக்கர்கள் அறுவடை இயந்திரத்துக்கு ஏற்றபடி பயிரைக் குட்டையாக்கிக்கொண்டார்கள்; 1950-களின் நடுவில் வீரிய ஒட்டு ரகங்களும் வந்தன. இன்று கடையில் கிடைக்கும் தானியச் சோளம் பெரும்பாலும் மூன்று நான்கு அடியோடு நின்றுவிடும். மானுக்கும் அந்த உயரமே வசதி. தலையை நிமிர்த்தாமலே கதிரை எட்டும். எகிப்திய கோதுமை என்ற பெயரில் விற்கப்படுவதும் ஒரு சோளமே. அது எட்டு பத்தடி வளர்ந்து குளிர்காலத்தில் சாய்ந்துவிடும். சாலையிலிருந்து நிலத்தை மறைக்கும் வேலியாக அதை ஓரத்தில் விதைக்கலாமே தவிர, தீனிக்கென்று நம்பக்கூடாது. தீவனச் சோளத்தையும் சூடான் புல்லோடு ஒட்டுச் சேர்த்த ரகங்களையும் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவை தழைக்காக உருவானவை, மணி குறைவு.

குட்டை ரகங்களிலும் இரண்டு வகை உண்டு. வணிகத்துக்கு விளைவிக்கப்படும் ரகங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கிட்டத்தட்ட இல்லை. மணி முற்றும் முன்பே கருங்குருவிக் கூட்டங்களும் சிட்டுகளும் வந்து கதிரைக் காலி செய்துவிடுவதுண்டு. வனவிலங்குகளுக்கென்றே விற்கப்படும் ரகங்களின் மணியில் டானின் மிகுதி. செம்பழுப்பு நிறத்தில் துவர்ப்பாக இருக்கும் அந்த மணியைப் பறவைகள் இலையுதிர் காலத்தில் ஒதுக்கிவிடுகின்றன. உறைபனியும் மழையும் மாறி மாறிப் பட்டுத் துவர்ப்பு குறைந்த பிறகுதான் அதைத் தொடுகின்றன. மானின் நிலை வேறு. ஓக் கொட்டையிலும் காட்டுத் தழைகளிலும் டானின் நிறைந்திருப்பதால், அதைப் பிடித்துக்கொண்டு செயலிழக்கச் செய்யும் புரதங்கள் மானின் உமிழ்நீரிலேயே உண்டு. ஆகையால் ஜனவரியில் மானுக்கு மணி மிஞ்சியிருக்க வேண்டும் என்று எண்ணுபவர்கள் துவர்ப்பு ரகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். காடைகளுக்கும் காட்டு வான்கோழிகளுக்கும் அதே மணி பிப்ரவரி வரை உணவாகிறது. வெட்டாமல் நிற்கும் தட்டைகளுக்கு நடுவே காடைக்குப் பருந்திடமிருந்து மறைவும் கிடைக்கிறது. இந்த மாநிலத்தில் காடைகள் வெகுவாகக் குறைந்துவிட்ட நிலையில், அவற்றுக்காகவே சோளம் விதைக்கலாம் என்று நான் சொல்வேன்.

விதைப்புக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகங்கள் குறைந்த கட்டணத்தில் இதைச் செய்து தருகின்றன. காட்டோர மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. அமிலக் காரக் குறியீடு 6-க்குக் குறைவாக இருந்தால் முதலில் சுண்ணாம்பு இட வேண்டும். அது மண்ணில் வேலை செய்யச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதால்தான் இலையுதிர் காலம் என்கிறேன். விதைக்கும் உரத்துக்கும் பணத்தைக் கொட்டிவிட்டுச் சுண்ணாம்பை மறப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அமில மண்ணில் இட்ட உரத்தின் ஒரு பெரும் பகுதியைப் பயிரால் எடுத்துக்கொள்ள முடியாது.

சோளம் குளிர்ந்த மண்ணில் அழுகிவிடும். இரண்டு அங்குல ஆழத்தில் மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியசை எட்டிய பிறகே விதைக்க வேண்டும். எங்கள் பகுதியில் அது மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை. சோளத்தைத் தனியாகத் தூவி விதைத்தால் ஏக்கருக்கு நான்கைந்து கிலோ, வரிசையில் விதைத்தால் அதில் பாதி போதும். ஆழம் ஓர் அங்குலத்துக்கு மிகாமல், விதைத்த பின் உருளையால் அழுத்திவிட வேண்டும். தழைச்சத்து ஏக்கருக்கு 25 முதல் 40 கிலோ. நெருக்கி விதைத்தால் கதிர் நிறையக் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. தட்டை மெலிந்து, கதிர் சிறுத்து, முதல் புயல்காற்றிலேயே சாய்ந்துவிடும்.

நான் சோளத்தைத் தனியாக விதைப்பதில்லை. ஏக்கருக்கு இரண்டு கிலோ சோளத்தோடு பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ தட்டைப்பயற்றைக் கலந்து விதைக்கிறேன். கொஞ்சம் மொச்சையும் சேர்த்துக்கொள்வேன். தமிழ்நாட்டின் மானாவாரி நிலங்களில் சோளத்துக்குள் தட்டைப்பயறும் மொச்சையும் ஊடுபயிராகப் போட்டதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கலவை புதிதன்று. இங்கே மானுக்கென்று விற்கப்படும் கோடைக் கலவைகளிலும் இதே மூன்றும் இருப்பதைக் கண்டபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று. காரணமும் ஏறக்குறைய ஒன்றே: கொடிக்குச் சோளத்தட்டை கொழுகொம்பாகிறது, பயற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கின்றன. மான் நிலத்தில் இன்னொரு பயனும் சேர்கிறது. சோளத்துக்கு நடுவே ஏறிப் படரும் பயற்றை மான் முழுவதுமாக மொட்டையடிக்க முடிவதில்லை. ஓரத்தில் கிடைத்ததைக் கிள்ளிக்கொண்டு போகிறது, கீழ்க்கணுக்களில் இலை மிஞ்சியிருந்தால் பயறு மறுபடி துளிர்க்கிறது. மொச்சை தொடக்கத்தில் மெதுவாக வளர்ந்தாலும், வேர் பிடித்த பிறகு கடியையும் வறட்சியையும் நன்கு தாங்கும். கோடை முழுவதும் புரதம் பயற்றிலிருந்து வருகிறது. முதல் உறைபனியில் பயறும் மொச்சையும் கருகி விழுந்த பிறகு மாவுச்சத்து சோளத்திலிருந்து வருகிறது. பயற்று விதைக்கு அதற்குரிய ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்து விதைநேர்த்தி செய்வதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இந்தக் கலவையில் உள்ள ஒரே பெரிய இடர்ப்பாடு களை. சோளத்தில் வழக்கமாகப் பயன்படுத்தப்படும் அட்ரசின் என்ற களைக்கொல்லி பயற்றைக் கொன்றுவிடும். சோயாவிலும் மக்காச்சோளத்திலும் இருப்பதுபோல் கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியைத் தாங்கும் ரகம் சோளத்தில் இல்லை. அந்தப் பண்பு சோளத்தின் உறவுக் களையான ஜான்சன் புல்லுக்கு மகரந்தத்தின் வழியே தாவிவிட்டால் பிறகு அதைக் கட்டுப்படுத்தவே முடியாது என்ற அச்சம் நியாயமானது. எனவே களையை விதைப்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மே தொடக்கத்தில் உழுது பரம்படித்து நிலத்தைத் தயாராக்கிவிட்டு, இரண்டு மூன்று வாரம் சும்மா விட்டால் மேல்மண்ணில் உள்ள களைவிதைகள் முளைத்துவிடும். அவற்றை அழித்து, மறுபடி மண்ணைக் கிளறாமல் விதைக்க வேண்டும். மண்ணைப் புரட்டினால் கீழே கிடக்கும் புது விதைகள் மேலே வந்து, செய்த வேலை வீணாகும்.

பூச்சிகளில் அசுவினியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2013-இல் டெக்சஸ், லூயிசியானா கடலோரப் பகுதிகளில் கரும்பு அசுவினி சோளத்தைத் தாக்கத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் சோளம் விளையும் மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவியது. ஜூலையிலிருந்து வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. இலை மேல் தேன்போன்ற பிசுபிசுப்பு கண்ணில் படும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். தாங்கும் திறனுள்ள ரகங்கள் இப்போது கிடைக்கின்றன.

நிலம் முழுவதையும் ஒரே கலவைக்குக் கொடுத்துவிடாமல், ஒரு பட்டையை இலையுதிர் காலத்துக்கு ஒதுக்கி வைக்கிறேன். ஆகஸ்டு முதல் வாரத்தில் டர்னிப் என்ற கிழங்குப் பயிர், செப்டம்பர் தொடக்கத்தில் கோதுமை அல்லது அதைப் போன்ற ரை தானியம். ஓட்ஸை மான் மிகவும் விரும்பும், ஆனால் எங்கள் குளிரில் அது மடிந்துவிடும். ரை எதையும் தாங்கும். டர்னிப்பின் இலைகளில் உறைபனிக்குப் பின் சர்க்கரை கூடுவதால் மான் நவம்பரிலிருந்து அதைத் தேடி வருகிறது. ஒரே பட்டையில் ஆண்டுதோறும் அதையே போட்டால் மண்ணில் நோய் தங்கிவிடும்.

பக்கத்து நிலத்து முதிய விவசாயி ஒருவரிடம் நான் கற்றுக்கொண்டது கூண்டு வைக்கும் முறை. விதைத்த மறுநாளே, இடுப்புயரக் கம்பிவலையை மூன்று நான்கு அடி விட்டத்தில் வளைத்து நிலத்தின் நடுவே ஊன்றிவிட வேண்டும். கூண்டுக்கு உள்ளே வளரும் பயிரையும் வெளியே உள்ளதையும் ஒப்பிட்டால், பயிர் குட்டையாக இருப்பதற்கு மண் காரணமா, மான் காரணமா என்பது ஐயமில்லாமல் தெரிந்துவிடும். கூண்டுக்குள் முழங்காலளவு தட்டைப்பயறும் வெளியே வெறும் குச்சிகளும் இருந்தால், இன்னும் அதிகமாக உரம் இடுவதால் பயனில்லை. நிலம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மான்கள் இருக்கின்றன என்று பொருள். அந்நிலையில் அனுமதி உள்ள பருவத்தில் பிணைமான்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், காட்டில் நெருங்கி நிற்கும் மரங்களைக் கழித்துத் தரையில் வெயில் விழச் செய்வதும்தான் உதவும். வெயில் பட்ட காட்டுத்தரையில் தானாக எழும் முட்செடிகளும் இளங்கன்றுகளும் மானுக்கு ஆண்டு முழுவதும் தீனி. காட்டைக் கவனிக்காமல் நிலத்தை மட்டும் உழுபவர்கள் மானுக்கு உண்மையில் அதிகம் செய்துவிடுவதில்லை.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் மூட்டை மூட்டையாக மக்காச்சோளத்தை வாங்கிக் கொட்டிவிடலாமே என்று சொல்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. குளிர்காலத்தில் குச்சியும் மொட்டும் தின்று பழகிய இரைப்பையில் திடீரென்று தானியம் குவிந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் நிலைகுலைந்து, அமிலம் மிகுந்து, வயிறு நிறைந்த நிலையிலேயே மான் இறந்துபோகிறது. நிலத்தில் நிற்கும் கதிரை அது இலையுதிர் காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகியிருப்பதால் அந்த ஆபத்து குறைவு. அதைவிடப் பெரிய கவலை சி.டபிள்யூ.டி. எனப்படும் மெலிவு நோய். 1967-இல் கொலராடோவில் கூண்டில் வளர்ந்த மான்களில் முதலில் காணப்பட்ட இந்த நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை. பிரியான் என்ற உருக்குலைந்த புரதம் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவி, மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. மிசௌரியின் காட்டு மான்களில் 2012-இல் அது கண்டறியப்பட்டது. ஒரு குவியலில் பத்து மான்கள் வாய் வைப்பதும், சில ஏக்கர் பரப்பில் பத்து மான்கள் விலகி விலகி மேய்வதும் ஒன்றாகாது. அதனால்தான் நோய் மேலாண்மை மண்டலத்தில் இருந்த மாவட்டங்களில் தீனி கொட்டுவதைத் தடை செய்திருந்த காலத்திலும் மாநில அரசு, மண்ணில் விதைத்து வளர்ப்பதை அனுமதித்தது. நானும் நிலத்தை நீண்ட பட்டைகளாக அமைத்து, மான்கள் ஓரிடத்தில் நெருங்காதபடி பார்த்துக்கொள்கிறேன்.

நின்ற பயிரை வெட்டிச் சாய்ப்பதற்கும் சட்டம் உண்டு என்பது புதிதாக நிலம் வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. புறா வேட்டைக்காகச் சோளத்தை வெட்டிச் சாய்த்து மணியைத் தரையில் சிதறவிடலாம். அதே நிலத்தில் நீர் தேங்கி வாத்துகள் வந்தால், அப்படிச் சாய்த்த பயிரின் மேல் அவற்றை வேட்டையாடுவது மத்திய அரசின் விதிப்படி குற்றம். வேட்டை எண்ணம் இல்லாத நான் மார்ச் மாதம்வரை தட்டையைத் தொடுவதேயில்லை.

பிப்ரவரிக் கடைசியில், இரவில் உறைந்து பகலில் இளகும் நிலம் சின்னச் சின்னதாக வெடிக்கும்போது, கோதுமைப் பட்டையின் மேல் வெள்ளைக் குளோவர் என்ற தீவனச் செடியின் விதையைத் தூவிவிட்டால் அது அந்த வெடிப்புகளுக்குள் தானாக இறங்கிக்கொள்ளும். உழவே வேண்டாம், மூன்று நான்கு ஆண்டுகள் நிற்கும். சோளம் நின்ற பட்டையில் மட்டும் அவசரப்படக் கூடாது. சோளத்தின் வேரிலிருந்தும் தட்டையிலிருந்தும் கசியும் பொருள்கள் அடுத்து வரும் சிறுவிதைகளின் முளைப்பைத் தடுக்கும். அங்கே தட்டையை வெட்டி மட்கவிட்டு, கோடையில் சோயாவோ பயறோ போட்டு, அதன் பிறகு செப்டம்பரில் ரை தானியத்தோடு குளோவரைக் கொண்டுவருவதுதான் சரியான வரிசை.